மிதிவண்டிப் பாதையில் மிதிபடும் வரலாறு

'மிதிவண்டி உலா' என்னும் தலைப்பில் நம் மாணவர் எழுதும் கட்டுரைகளை ஒருமுறை எடுத்துப் படித்துப் பாருங்கள். கதிரவன் தன் பொற்கதிர்களைப் பரப்புவான். பறவைகள் இன்னிசை எழுப்பும். நண்பர் இருவர் மிதிவண்டியில் புறப்படுவர். வழியில் ஒருவன் தவறி விழுவான். முழங்காலில் குருதி கசியும். மற்றவன் ஓடிவந்து உதவுவான். உயிர் காப்பான் தோழன் என்னும் பழமொழியோடு கட்டுரை முடியும். முப்பது பேர் எழுதினாலும் விழுகிறவன் பெயர் மட்டுமே மாறும். அவர்கள் சென்ற சாலைக்குப் பெயர் இராது. கடந்த பாலத்துக்கு வயது இராது. அந்த உலா சிங்கப்பூரில் நடந்ததா, சேலத்தில் நடந்ததா என்று கண்டுபிடிக்கவும் இயலாது.

மாணவரைக் குறைகூற இதனை எழுதவில்லை. நாம் எதனைக் காட்டினோமோ அதனையே அவர்கள் எழுதுகின்றனர். குற்றவாளிக் கூண்டில் நிற்க வேண்டியவர்கள் ஆசிரியராகிய நாமே. அக்கூண்டில் முதலாவதாக நானே ஏறி நிற்கிறேன்; ஏனெனில் அத்தகைய கட்டுரைகளுக்கு நானும் பல்லாண்டுகளாக நல்ல மதிப்பெண் வழங்கி வந்திருக்கிறேன்.

இந்நாட்டுத் தமிழரின் வரலாறு லிட்டில் இந்தியாவின் சில தெருக்களுக்குள் அடங்கிவிட்டது என்று நாம் நம்புகிறோம், பிள்ளைகளையும் நம்பவைக்கிறோம். ஆண்டுக்கொருமுறை பேருந்தில் ஏற்றிச் சென்று, மாலை கட்டுவதையும் மசாலை அரைப்பதையும் காட்டிவிட்டு, 'மரபைக் கற்பித்தோம்' என்று நிறைவு கொள்கிறோம். அங்கே காண வேண்டியவை உண்டு; மறுக்கவில்லை. ஆனால் ஓர் இனத்தின் வாழ்வை நான்கு தெருக்களுக்குள் அடைத்து வைப்பது அவ்வினத்தைச் சிறுமைப்படுத்துவதாகும். தமிழன் இத்தீவில் கடை மட்டும் வைத்தவன் அல்லன். செங்கல் சுட்டான், சாலை போட்டான், தண்டவாளம் காத்தான், போரில் மடிந்தான். அவற்றின் சுவடுகள், விடுமுறை நாள்களில் நம் பிள்ளைகள் மணியடித்துக்கொண்டு பறந்து செல்லும் மிதிவண்டிப் பாதைகளின் ஓரத்திலேயே கிடக்கின்றன.

ஒரே ஒரு வழியை எடுத்துக்கொள்வோம். சிங்கப்பூர் ஆற்றின் முகத்துவாரத்தில் தொடங்கி, தஞ்சோங் பகாரைத் தொட்டு, பழைய இருப்புப்பாதைத் தடத்தைப் பற்றிக்கொண்டு வடக்கே உட்லண்ட்ஸ் வரை செல்லும் வழி அது. மலாயா ரயில்வேயின் தண்டவாளம் கிடந்த அந்தத் தடம் ஏறத்தாழ 24 கிலோமீட்டர் நீளமுடையது. 2011-ஆம் ஆண்டு ஜூன் 30-ஆம் நாள் இரவு தஞ்சோங் பகாரிலிருந்து கடைசி வண்டி புறப்பட்டது. ஜொகூர் சுல்தான் இப்ராகிமே அதனை ஓட்டிச் சென்றார். பின்னர்த் தண்டவாளங்கள் பெயர்த்தெடுக்கப்பட்டன. இன்று அத்தடம் நடப்போருக்கும் மிதிவண்டி ஓட்டுவோருக்கும் உரிய பசுமைவழியாக விளங்குகிறது.

ஆற்றங்கரையில் தொடங்குவோம். ஆசிய நாகரிக அரும்பொருளகத்தின் முன்னே கூர்நுனித் தூண் ஒன்று நிற்கிறது. இந்தியத் தலைமை ஆளுநர் டல்ஹவுசி பிரபு 1850-ஆம் ஆண்டு இத்தீவுக்கு வந்ததன் நினைவாக எழுப்பப்பட்டது அது. வாணிகத்தைக் கட்டுகளிலிருந்து விடுவித்தது அறிவுடைமை என்று அப்பிரபு ஏற்றுக்கொண்டதை அது பறைசாற்றுகிறது. எந்தெந்த மொழிகளில்? ஆங்கிலம், சீனம், ஜாவி எழுத்தில் மலாய், தமிழ் ஆகிய நான்கு மொழிகளில்! தமிழ் இந்நாட்டின் ஆட்சிமொழிகளுள் ஒன்றாவதற்கு நூறாண்டுகளுக்கும் முன்னரே அது பொதுவிடத்துத் தூணில் இடம்பெற்றிருக்கிறது. இங்கே வாழ்ந்த மக்களிடம் பேச வேண்டுமெனில் தமிழிலும் பேசியாக வேண்டும் என்பதை அன்றைய அரசு உணர்ந்திருந்தது.

அங்கிருந்து சில அடிகளில், பழைய நாடாளுமன்றக் கட்டடத்தின் முன் வெண்கல யானை ஒன்று நிற்கிறது. சயாம் மன்னர் சூலலங்கொர்ன் 1871-இல் இங்கு வந்து சென்றதன் நினைவாக அளித்த பரிசு அது. அதன் பீடத்திலும் நான்கு மொழிகள் உள்ளன: சயாமியம், ஜாவி, சீனம், ஆங்கிலம். தமிழ் இல்லை. சற்றே தள்ளி எஸ்பிளனேட் பூங்காவில், 1954-இல் திறக்கப்பட்ட லிம் போ செங் நினைவு மண்டபத்திலோ தமிழ்ப் பலகை உண்டு. ஓரிடத்தில் தமிழ் ஏன் இருக்கிறது, வேறோரிடத்தில் ஏன் இல்லை என்னும் ஒரு வினாவை மாணவரிடம் எழுப்பிப் பாருங்கள். யார் எழுப்பினார், யாரை நோக்கி எழுப்பினார், அன்று யாருக்கு எத்தகைய இடம் இருந்தது என்று அவர்கள் சிந்தனை விரியும். மொழியின் நிலை குறித்து நாம் ஆற்றும் பத்துச் சொற்பொழிவுகளை விட அந்தச் சிறு நடை பயனுடையது.

சிலப்பதிகாரத்தின் வஞ்சிக் காண்டத்தை நாம் உணர்ச்சி பொங்கக் கற்பிக்கிறோம். கண்ணகிக்குக் கல்லெடுக்கச் செங்குட்டுவன் இமயம் வரை சென்றதைக் கூறுகிறோம். காட்சிக் காதை, கால்கோட் காதை, நீர்ப்படைக் காதை, நடுகற் காதை என்று வரிசை தவறாமல் ஒப்புவிக்கச் செய்கிறோம். இமயத்துக் கல்லை அறிந்த நம் மாணவன், தன் வீட்டிலிருந்து மிதிவண்டியில் சென்று தொடக்கூடிய தமிழ் பொறித்த தூணை அறியான். அக்கரைப் பச்சையையே காட்டி இக்கரையைப் பாலையாக்கிவிட்டோம்.

படிக்கப்படாத கல்லுக்கு என்ன நேரும் என்பதையும் இதே முகத்துவாரம் சொல்லும். இங்கே தென்கரையில் பெரும் மணற்பாறை ஒன்று இருந்தது. 1819-இல் கண்டறியப்பட்ட அதன்மேல் ஏறத்தாழ ஐம்பது வரிகளில் எழுத்துகள் பொறிக்கப்பட்டிருந்தன. அவ்வெழுத்தை எவராலும் படிக்க இயலவில்லை. 1843-இல் கட்டட வேலைக்கு இடைஞ்சல் என்று அதனை வெடிவைத்துத் தகர்த்தனர். எஞ்சிய துண்டு ஒன்று இன்று தேசிய அரும்பொருளகத்தில் 'சிங்கப்பூர்க் கல்' என்னும் பெயரோடு இருக்கிறது. அந்த எழுத்தைப் படிக்க அன்று ஆள் இல்லை. டல்ஹவுசித் தூணின் தமிழைப் படிக்க இன்று ஆயிரக்கணக்கானோர் இருக்கிறோம். இருந்தும் நின்று படிப்பவர் எத்தனை பேர்?

அதே எஸ்பிளனேட் பூங்காவில் இன்னோர் அடையாளம் உண்டு. இந்தியத் தேசிய இராணுவத்தில் உயிர்நீத்தோருக்காக 1945-ஆம் ஆண்டு ஜூலை 8-ஆம் நாள் நேதாஜி சுபாஷ் சந்திர போஸ் இங்கே நினைவுச் சின்னத்துக்கு அடிக்கல் நாட்டினார். இரண்டு மாதங்களில் ஆங்கிலேயர் திரும்பி வந்து அச்சின்னத்தை இடித்தனர். 1995-இல் அவ்விடத்தில் வரலாற்று அடையாளக் கல் வைக்கப்பட்டது. ஜான்சி ராணிப் படையில் துப்பாக்கி ஏந்தியோருள் மலாயாவின் இரப்பர்த் தோட்டங்களில் பிறந்து வளர்ந்த தமிழ்ப் பெண்கள் பலர். அதுவரை காண்டாவாளியும் பால்வெட்டுக் கத்தியும் பிடித்த கைகள் அவை. போரின் நன்மை தீமைகளைப் பற்றி எவரும் எவ்வாறும் வாதிடலாம். அப்பெண்களை மறந்துவிட்டு வாதிடுவது அறமன்று.

இனித் தஞ்சோங் பகாருக்கு மிதிப்போம். 1819-இல் பினாங்கிலிருந்து இராபிள்சுடன் வந்த நாராயண பிள்ளை செங்கற்சூளை அமைத்தது இப்பகுதியில்தான். 1827-இல் சவுத் பிரிட்ஜ் சாலையில் மாரியம்மன் கோயில் தோன்றக் காரணமானவரும் அவரே. இங்கே 1932-இல் திறக்கப்பட்ட ரயில் நிலையத்தின் முகப்பில் நான்கு பளிங்கு உருவங்கள் நிற்கின்றன. வேளாண்மை, வாணிகம், போக்குவரத்து, தொழில் ஆகியவற்றைக் குறிக்கும் அவற்றின்மேல் எஃப், எம், எஸ், ஆர் என்னும் நான்கு ஆங்கில எழுத்துகள் உள்ளன. மலாய்க் கூட்டு மாநில ரயில்வே என்பது அவற்றின் பொருள். 2011-இல் அந்நிலையம் தேசிய நினைவுச் சின்னமாயிற்று. அந்த ரயில்வேயில் தண்டவாளத்தைச் சீர்செய்தோரில் மிகப் பலர் தென்னிந்தியத் தமிழர். நிலைய அதிபர்களாகவும் எழுத்தர்களாகவும் அமர்ந்தோரில் பலர் யாழ்ப்பாணத் தமிழர். ஒரே மொழி பேசிய இரு கூட்டத்தாரிடையே எத்தனை படிகள் இருந்தன என்பதும் மாணவர் அறிய வேண்டிய வரலாறே. அதனை மறைத்து, 'தமிழர் அனைவரும் ஒன்றாய் வாழ்ந்தோம்' என்று இனிப்புப் பூசிக் கொடுக்க வேண்டியதில்லை.

தடத்தில் ஏறிச் சிறிது தொலைவு சென்றால் குவீன்ஸ்டவுன் வரும். இங்கே ரயில்வே குடியிருப்பில் வாழ்ந்த தொழிலாளர்கள் 1932-ஆம் ஆண்டளவில் குடிசை ஒன்றில் முனீஸ்வரரை நிறுவி வழிபட்டனர். அதுவே இன்று காமன்வெல்த் டிரைவில் பெருங்கோயிலாக நிற்கிறது. வண்டியும் போயிற்று, குடியிருப்பும் போயிற்று. அவர்கள் தம் காவலுக்கு வைத்த தெய்வம் மட்டும் அவர்கள் இருந்தமைக்குச் சான்றாக நிலைத்துவிட்டது.

மேலும் வடக்கே இரும்புச் சட்டப் பாலங்கள் இரண்டு உள்ளன. அவற்றினிடையே புக்கிட் தீமா ரயில் நிலையம் உள்ளது. 1932-இல் கட்டப்பட்டு, 2011-இல் மூடப்பட்டு, 2022-இல் பொதுமக்களுக்காக மீண்டும் திறக்கப்பட்ட சிறு கட்டடம் அது. ஒற்றைத் தண்டவாளத்தில் எதிரெதிரே வரும் வண்டிகள் மோதாதிருக்க இங்கே ஒரு முறை கையாளப்பட்டது. ஒவ்வொரு பகுதிக்கும் ஒரு சாவி உண்டு. அச்சாவியைக் கையில் வைத்திருக்கும் வண்டியே அப்பகுதிக்குள் நுழையலாம். வளையத்தில் பிணைத்த சாவியை நிலைய ஊழியர் தூக்கிப் பிடித்து நிற்க, ஓடும் வண்டியிலிருந்தே அதனைப் பற்றிக்கொள்வர். உலகம் மின்னணுவியலுக்கு மாறிய பின்னும் 2011 வரை இங்கே அந்தக் கைமாற்றம் நடந்துகொண்டிருந்தது.

அடுத்து, அப்பர் புக்கிட் தீமா சாலையில் பழைய ஃபோர்டு தொழிற்சாலை. 1942-ஆம் ஆண்டு பிப்ரவரி 15-ஆம் நாள் பெர்சிவல், யமஷிட்டாவிடம் சரணடைந்தது இங்கேதான். மிதிவண்டியில் வரும் மாணவனுக்கு இவ்விடத்தில் ஒரு செய்தியை நாம் சொல்லலாம். 1941 டிசம்பரில் மலாயாவில் இறங்கிய ஜப்பானியக் காலாட்படையினருள் பெருந்தொகையினர் தீபகற்பத்தைக் கடந்து வந்தது மிதிவண்டியில்தான்! விளையாட்டுப் பொருளென்று நாம் நினைக்கும் வண்டி, ஒரு பேரரசின் கோட்டையைச் சாய்க்கவும் துணை நின்றிருக்கிறது.

அப்போரில் மாண்டவர்கள் கிராஞ்சியில் இருக்கிறார்கள். உடல் கிடைக்காத 24,000-க்கும் மேற்பட்டோரின் பெயர்கள் அங்குள்ள நினைவுச் சுவர்களில் பொறிக்கப்பட்டுள்ளன. தம் சமயநெறிப்படி எரியூட்டப்பட்ட ஏறத்தாழ 800 வீரர்களுக்குத் தனி நினைவிடமும் உண்டு. அவர்களுள் பெரும்பாலோர் இந்தியப் படையினர். இங்கிருந்து ஜொகூர் பாலம் தொலைவன்று. 1923-இல் ரயில் ஓடத் தொடங்கி 1924-இல் முறையாகத் திறக்கப்பட்ட அக்கடற்பாலத்துக்கு வேண்டிய கருங்கல், புக்கிட் தீமாவிலும் புலாவ் உபினிலும் வெட்டியெடுக்கப்பட்டது. மிதிவண்டிக்குப் பேர்போன உபின் தீவின் குளங்கள் பல, இத்தகைய கல்வெட்டுக் குழிகள் நீர் நிறைந்து உண்டானவையே.

ஒரு வழியில் இத்தனை. ஆயினும் இதனைச் சொன்னால் நம்மவரிடமிருந்தே எதிர்ப்புகள் எழும்.

முதலாவது, வெட்கத்தினால் எழும் எதிர்ப்பு. 'கைதிகளாகவும் கூலிகளாகவும் வந்ததைப் பிள்ளைகளிடம் சொல்லிக்கொள்ள வேண்டுமா?' என்பர். ஆம், வேண்டும். 1825-இல் பெங்கூலனிலிருந்து இந்தியக் கைதிகள் இங்கே கொண்டுவரப்பட்டனர்; 1873 வரை அம்முறை நீடித்தது. 1845-இல் நிறைவுற்ற கிராஞ்சிச் சாலையைப் புக்கிட் தீமாக் காட்டினூடே போட்டவர்கள் கைதிகள். அக்காட்டில் அந்நாளில் புலிகள் உலவின. 1862-இல் புனிதப்படுத்தப்பட்ட செயிண்ட் ஆண்ட்ரூஸ் பேராலயத்தைக் கட்டியவர்களும் கைதிகளே. கிளிஞ்சற் சுண்ணாம்போடு முட்டை வெண்கருவும் நாட்டுச் சர்க்கரையும் சேர்த்து, தேங்காய் மட்டை ஊறிய நீர்விட்டு அரைத்த 'மதராசுச் சுண்ணம்' கொண்டு அவர்கள் அச்சுவரைப் பளிங்குபோல் மெழுகினர். கைதிகளையே கைதிகளுக்குக் காவலராக்கிய அம்முறையை வியந்து, அதனை நடத்திய மெக்நேர் 1899-இல் ஒரு நூலே வெளியிட்டார். வெள்ளையர் நூலெழுதிப் பாராட்டிய கைத்திறனைச் சொல்ல நமக்கு நாணமா? பிறர் உழைப்பில் உண்டவன் நாணட்டும். உழைத்தவனின் பேரன் ஏன் நாண வேண்டும்?

இரண்டாவது கூட்டத்தார் இதற்கு நேர்மாறானவர்கள். செஜாரா மெலாயுவில் ராஜா சூலன் என்றொரு பெயர் வந்தால் போதும். சிங்கப்பூரையே சோழன் கட்டினான் என்று மேடையில் முழங்கிவிடுவர். இராசேந்திரனின் கடாரப் படையெடுப்பு உண்மை. அதற்குரிய இடம் வரலாற்றில் உண்டு. அதனைக் கொண்டுவந்து ஒவ்வொரு கல்லிலும் ஒட்டுவது அறிவுடைமையன்று. கைதிகள் அனைவரும் தமிழர் அல்லர்; வங்கத்தாரும் பம்பாய்ப் பகுதியினரும் அவர்களுள் இருந்தனர். ரயில்வேயிலும் மலாய்க்காரர், சீக்கியர் எனப் பலர் உழைத்தனர். தமிழரின் பங்கை உள்ளபடி கூறினாலே அது பெரிது. மிகைப்படுத்தினால், உள்ளதையும் பிறர் நம்பமாட்டார்கள். முதற்கூட்டத்தார் வரலாற்றை மறைக்கின்றனர். இவர்கள் அதன்மேல் அரிதாரம் பூசுகின்றனர். இருவராலும் மாணவனுக்கு உண்மை கிட்டுவதில்லை.

மூன்றாவது, 'அறிவிப்புப் பலகைகளில் தமிழ் போதவில்லை. அதற்கு அரசல்லவா வழி செய்ய வேண்டும்?' என்பார் உளர். தமிழ் இல்லாத இடத்தில் கேட்பது நம் உரிமை, உறுதியாகக் கேட்போம். ஆனால் தமிழ் உள்ள இடத்தில் போய்ப் படித்தோமா? இருக்கும் தமிழைப் படிக்காதவன் இல்லாத தமிழுக்காகக் குரல் கொடுத்தால், அக்குரலுக்கு வலிமை எங்கிருந்து வரும்?

நான்காவது எதிர்ப்பு நமக்கு மிகவும் பழக்கமானது: 'நேரம் இல்லை, தேர்வில் வராது.' நண்பர்களே, தேர்வில் வருவது தமிழ் அல்லவா? தண்டவாளம், கைகாட்டி, இருப்புப்பாதை, செங்கற்சூளை, சுண்ணச்சாந்து, கங்காணி, அடிக்கல், நடுகல் முதலிய சொற்களை அகராதியிலிருந்து மனப்பாடம் செய்விக்கிறோம். மறுவாரமே அவை மறந்துபோகின்றன. அச்சொல்லுக்குரிய பொருளின் முன் மாணவனை நிறுத்துங்கள், மறக்கமாட்டான். 'வீட்டில் தமிழ் பேசுவதில்லை, தமிழில் பேசப் பொருள் இல்லை' என்று நாம் புலம்புகிறோம். பொருள் தெருவில் கிடக்கிறது. வாய்மொழித் தேர்வில் விழி பிதுங்க நிற்கும் பிள்ளைக்குச் சொல்ல ஓர் உண்மைச் செய்தியும், அதனைக் கண்ட நேரடி அனுபவமும் இருக்குமானால் சொற்கள் தாமாக வரும். தமிழ், இந்த மண்ணைப் பற்றிப் பேச உதவாத மொழி என்று இளையோர் முடிவுகட்டிவிட்டால், அதன்பின் எந்தப் பாடத்திட்டமும் அதனைக் காப்பாற்றாது.

ஆகவே, ஆசிரியப் பெருமக்களே, நான் வேண்டுவது பெரிதன்று. ஒவ்வொரு பள்ளியும் தன்னருகே உள்ள மிதிவண்டிப் பாதையில் இரண்டு கிலோமீட்டரை மட்டும் தனக்கென எடுத்துக்கொள்ளட்டும். அங்குள்ள பாலம், கோயில், கல், பலகை ஒவ்வொன்றையும் மாணவர் நேரில் கண்டு, ஆண்டைச் சரிபார்த்து, தமிழில் ஒரு பக்கம் எழுதட்டும். தாத்தா பாட்டியரிடம் கேட்டு இன்னொரு பக்கம் எழுதட்டும். ரயில்வேயிலும் செம்பவாங் கடற்படைத் தளத்திலும் வேலை பார்த்தவர்கள் இன்னும் நம்மிடையே இருக்கிறார்கள். நாம் கேளாமையால் அவர்கள் சொல்லாமலே மறைந்துகொண்டிருக்கிறார்கள். கல் காத்திருக்கும், மனிதர் காத்திருக்கமாட்டார்.

மாணவச் செல்வங்களே, உங்களுக்கும் ஒரு சொல். அடுத்த முறை மிதிவண்டியில் செல்லும்போது ஓரிடத்திலேனும் இறங்கி நில்லுங்கள். பெயரைப் படியுங்கள். ஆண்டைக் குறித்துக்கொள்ளுங்கள். யார் கட்டினார் என்று கேளுங்கள். விடை தெரியாத ஆசிரியர் இருந்தால் அவரையும் உடன் அழைத்துச் செல்லுங்கள். நாங்கள் வர வேண்டியவர்கள்தாம்.

புக்கிட் தீமா நிலையத்தில் அன்று ஊழியர் சாவியைத் தூக்கிப் பிடித்து நின்றார். பற்றிக்கொண்ட வண்டி மேலே சென்றது. நம் கையில் உள்ள சாவியை நீட்டாமல் நாமே வைத்துக்கொண்டு, அடுத்த தலைமுறை ஏன் நின்றுவிட்டது என்று கேட்பதில் பொருளில்லை. நீட்டுவோம்.